புள்ளி வீட்டில்தான் இருக்கிறது

போன வாரம் ஹோக்கனை அவன் வீட்டுச் சமையலறையிலேயே, வெறும் காலுறையோடு, காதில் போனோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். அதன் பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், உருளைக்கிழங்கு அவித்தான், செய்தி பார்த்தான். எல்லாம் உடம்பு செய்த வேலை. மனசு இன்னும் அந்த அடுப்புக்கு முன்னால்தான் நிற்கிறது.

போன இதழ் கைக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம். வியாழன் மாலை அலுவலகக் கூட்டம் ரத்தாகி, ஹோக்கன் சீக்கிரம் வீடு திரும்பினான். மனைவி பெர்னிலாவைக் காணோம். அந்த வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் போன் வரைபடத்தில், யார் எங்கே இருக்கிறார் என்று காட்ட, ஆளுக்கொரு வண்ணப் புள்ளி. மகள் தில்டா தனியாகப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் வைத்தது. அவள் இப்போது பேக்கரியில் வேலைக்குப் போகிறாள். புள்ளி மட்டும் போகவில்லை. யார் கடைக்குள் நுழைந்தாலும் மற்ற இருவரிடமிருந்து பால் வாங்கு, பாலாடை வாங்கு என்று செய்தி வந்துவிடும்.

ஹோக்கன் வரைபடத்தைப் பார்த்தான். பெர்னிலாவின் பச்சைப் புள்ளி மிகச் சரியாக வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. குளியலறையில் பார்த்தான், பால்கனியில் பார்த்தான், கடைசியில் கோட்டு அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தான். பிறகு அவளுக்கே போன் போட்டான். உடனே எடுத்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான்.

"வீட்டுலதான், ஏன்?" என்றாள் பெர்னிலா.

வீட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தவன், "சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே அந்த வீடு இரண்டுபட்டிருக்கும். இது ஸ்வீடனின் நோர்ஷோப்பிங். அவள் வந்ததும் காப்பி போடட்டுமா என்று கேட்டான். போடு என்றாள். குடித்தார்கள். இரண்டு நாளாக அந்தக் காப்பிதான் அவன் தொண்டையில் நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற எனக்கே நெஞ்சு எரிகிறது என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

விடிந்தது சனிக்கிழமை. இலையுதிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஒன்றாக முற்றத்தைச் சுத்தம் செய்கிற நாள். வர வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் கிடையாது. வராதவர் பெயரை அடுத்த கோடை வரைக்கும் மறக்க மாட்டோம், அவ்வளவுதான். ஆகவே எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு இலைவாரும் கோலை எடுத்துக்கொண்டு, மேப்பிள் மரத்தடியில் ஒருவர் வாரின இடத்தையே இன்னொருவர் வாரிக்கொண்டிருந்தோம். சங்கத் தலைவர் இங்வார் சாசேஜ் சுடும் அடுப்பை மூட்டுகிறேன் என்று புகையை மூட்டிவிட்டிருந்தார்.

முற்றத்தின் ஓரத்தில் இந்த வருஷம் புதிதாக ஒரு மேசை. அதன் பின்னால் பெர்னிலா.

நகராட்சியில் மேசையும் நாற்காலியுமாக இருந்த உத்தியோகத்தை வசந்தத்தில் விட்டுவிட்டு, பள்ளித் தோழி ஒருத்தியோடு சேர்ந்து அவள் போன் விற்க ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். சாதாரணப் போன் இல்லை. ஈ-இங்க் திரை போட்டது. கறுப்பு, வெள்ளை, காகிதத்தில் அச்சடித்த மாதிரி எழுத்து. பேசலாம், செய்தி அனுப்பலாம், அலாரம் வைக்கலாம், பாட்டுக் கேட்கலாம். வேறு ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அதன் மகிமை என்பது பெர்னிலாவின் கட்சி. சும்மா இருக்கிற ஒரு சாமானைக் கடையில் காசு கொடுத்தா வாங்க வேண்டும், என் வீட்டுச் சோபாவிலேயே ஒருவர் இருக்கிறாரே என்று நான் ஒருமுறை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மகள் தில்டா பேக்கரியிலிருந்து இலவங்கப்பட்டை போட்ட பன்கள் கொண்டுவந்து, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். போனுக்கு வராத கூட்டம் பன்னுக்கு வந்தது. வந்தவர்கள் மரியாதைக்காவது ஒரு கேள்வி கேட்க வேண்டுமே. பெர்னிலா எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான்: எது வேண்டுமானாலும் கேளுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்வேன், வாங்கிக்கொண்டு போய் வீட்டில் ஏமாறுகிறவர் எனக்கு வேண்டாம்.

மேசைக்குப் பக்கத்தில் ஹோக்கன் இலை வாரிக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான் வாரிக்கொண்டிருந்தேன். அங்கே இலை இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் வந்தது கீழ்வீட்டு நவால். மகப்பேறு விடுதியில் செவிலி. பாக்தாதில் பிறந்து, எங்களையெல்லாம்விட நன்றாகச் சாசேஜுக்குக் கடுகுச் சாந்து தேர்ந்தெடுக்கத் தெரிந்தவள். வெயிலில் எழுத்து தெரியுமா என்று கேட்டாள். அன்றைக்கு அதிசயமாக வெயில் இருந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பத்திரிகை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. படம் வருமா என்றாள். வரும், ஆனால் சாம்பல் நிறத்தில் வரும் என்று பெர்னிலா சொன்னதும், மால்மோவில் தங்கைக்குப் புதிதாகப் பிறந்த குழந்தையின் படத்தைத் தன் போனிலிருந்து அதற்கு அனுப்பிப் பார்த்தாள். திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு, மெதுவாக, யோசித்து யோசித்துக் காட்டியது.

நவால் நெடுநேரம் பார்த்தாள். "ஸ்கேன் படம் மாதிரி இருக்கே. போன வாரம்தான் வெளிய வந்துச்சு, மறுபடி உள்ள அனுப்பிட்டியே," என்றாள்.

இரண்டாம் மாடிக்காரர், அந்தக் குதிரைவால் முடிக்காரர், ஒரு செய்தி தட்டிப் பார்த்துவிட்டு அழித்தார். அழித்த பிறகும் எழுத்துகள் ஆவி மாதிரி திரையில் லேசாக நின்றன. இது வீட்டுக்காரி கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பொத்தானை அமுக்கினால் திரை ஒருமுறை முழுக்கக் கறுத்து, சுத்தமாகிவிடும் என்று பெர்னிலாவும் சிரித்துக்கொண்டே காட்டினாள். ஹோக்கன் சிரிக்கவில்லை. அவன் கோல் ஒரு கணம் நின்றது, பிறகு மண்ணைச் சுரண்டியது.

சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், குளிரில் திரை உறைந்துபோகுமா, பேருந்துச் சீட்டு எடுக்க முடியுமா, காட்டில் காளான் பொறுக்கப் போனால் வழி காட்டுமா... கேள்வி வந்தபடி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல, கேட்டவர் முகத்தில் தெளிவு வருவதற்குப் பதில் குழப்பம்தான் கூடியது. பாதிப் பேருக்கு இது போனா, கடிகாரமா, சிலேட்டா என்றே பிடிபடவில்லை. இதை வாங்கினால் தாங்கள் எப்படிப்பட்ட ஆளாக ஆவோம் என்பது மீதிப் பேருக்குப் பிடிபடவில்லை.

அப்போது புகையைக் கைவிட்டுவிட்டு இங்வார் வந்தார். ஒரு பன்னை எடுத்தார், மென்றார், கேட்டார்.

"எல்லாம் சரிம்மா பெர்னிலா. இதுல துணி துவைக்க முறை பதிய முடியுமா?"

முற்றம் அடங்கியது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்துக்கு ஒரே துவைக்கும் அறை. எங்கள் ஊரில் மணமுறிவை மன்னிப்பார்கள், அடுத்தவன் துவைக்கிற முறையில் தன் துணியைப் போட்டவனை மன்னிக்க மாட்டார்கள். போன வருஷம் வரைக்கும் சுவரில் ஒரு பலகை, ஆளுக்கொரு பூட்டு. பூட்டை மாட்டினால் அந்த வேளை உன்னுடையது. இங்வாருடைய ஆட்சியில் அது போய்ச் செயலி வந்தது. அதற்குள் போக, நான் நான்தான் என்று சாட்சி சொல்ல இன்னொரு செயலி வேண்டும். வங்கிக்கும் அதுதான், வைத்தியருக்கும் அதுதான், வரிக்கும் அதுதான்.

"முடியாது," என்றாள் பெர்னிலா.

கூட்டத்தில் ஒருவர் சத்தமில்லாமல் பன்னைத் திரும்ப வைத்தார். நவால் தலையை ஆட்டினாள். போன் பிரச்சாரம் அத்தோடு முடிந்தது என்று நானே நினைத்தேன். பெர்னிலா விடவில்லை. விற்கிறவள் ஆயிற்றே.

"அதுக்கு ஒரு வழி இருக்கு," என்றாள். "பழைய போனைத் தூக்கிப் போட வேண்டாம். அது பாட்டுக்கு வீட்டுலயே கிடக்கட்டும், வைஃபைல. நம்பரை மட்டும் இதுக்கு மாத்திக்கணும். துவைக்கறது, வங்கி எல்லாம் வீட்டுல இருக்கறப்ப அதுல பாத்துக்கலாம். நானே ஆகஸ்ட்லேருந்து அப்படித்தான் இருக்கேன். பழசு கரண்டி டிராயர்ல கிடக்கு."

நல்ல பதில். இங்வார்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் இந்தப் போனை வைத்திருப்பது வீட்டில் தெரியாத ரகசியமில்லை. கரும்பு விற்கிறவள் ஒரு துண்டாவது கடித்துப் பார்க்க மாட்டாளா? ஆனால் பழையதும் கைப்பையில் கூடவே போய்வருகிறது என்றுதான் புருஷனும் மகளும் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள்.

ஹோக்கன் கோலை மரத்தில் சாய்த்து வைத்தான். கையை உதறினான். நேராக மேசைக்குப் போவான் என்று பார்த்தேன். போகவில்லை. இந்த மனுஷன், கட்டின மனைவியிடம் கேள்வி கேட்க, வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் இரண்டு பேர். நடுவில் வந்த மூன்றாம் மாடிப் பெண் அவசரம் என்றதும் அவளையும் முன்னால் விட்டான். அவள் கறுப்பைத் தவிர வேறு நிறம் உண்டா என்று கேட்டாள். உண்டு, வெள்ளை.

அவன் முறை வந்தது. பெர்னிலா விளையாட்டாக, "வாங்க, என்ன தெரியணும் உங்களுக்கு?" என்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. பழைய போன் டிராயர்ல இருந்தா, வரைபடத்துல புள்ளி எங்க நிக்கும்?"

அவள் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு உடனே போகவில்லை. அந்தத் திரையில் அழித்த எழுத்து மாதிரி கொஞ்ச நேரம் லேசாக நின்றது. ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். செயலியைப் பொறுத்தது, மாடலைப் பொறுத்தது என்று சொன்னால் அவன் நம்பியும் இருப்பான். நம்பத்தான் வரிசையில் நின்றான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காலையிலிருந்து உள்ளபடி சொல்வேன் என்று ஊருக்கே வாக்குக் கொடுத்தவள். பக்கத்தில் இங்வார். அந்தப் பக்கம் நவால். இந்தப் பக்கம், இலையே இல்லாத இடத்தில், நான்.

"டிராயர்லதான் நிக்கும்," என்றாள்.

"ஆளு?"

"ஆளு எங்க வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்ப வியாழக்கிழமை நீ வீட்டுல இல்ல."

"இல்ல."

"நான் இருந்தேன்," என்றான் ஹோக்கன். "சமையலறையில நின்னுக்கிட்டுதான் உன்கிட்ட பேசினேன்."

அவளோடு பேசி வைத்த பிறகுதான் அவன் வீட்டுக்கு வந்தான் என்று இதுவரை அவள் நினைத்திருந்தாள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. யாரும் அவர்களைப் பார்க்கவும் இல்லை. இங்வார் தன் பூட்ஸ் முனையை ஆராய்ந்தார். குதிரைவால்காரர் வானத்தில் வாத்து தேடினார். இப்படிக் கேட்காமல் கேட்பதற்கு நாங்கள் ஆயுள் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்கள்.

எங்கே இருந்தாய் என்று அவன் கேட்டான். டிராமில் என்றாள். எங்கே போக? ரிங்டான்ஸென் வரைக்கும். அங்கே யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. இறங்கி என்ன செய்தாய்? இறங்கவே இல்லை, கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்தே இருந்து, அதே டிராமில் திரும்பி வந்தேன். வியாழனுக்கு வியாழன் அப்படித்தான்.

ஹோக்கன் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வந்து உட்காரப் பார்த்தது; உட்கார இடம் கிடைக்காமல் எழுந்து நின்றது.

"பெர்னிலா, ஒரு ஆளு இருக்கான்னு சொல்லிடு. அது எனக்குப் புரியும். டிராம்னா எனக்குப் புரியலை."

"ஆளு இல்லை ஹோக்கன்."

"நம்பணுமா?"

அப்போதுதான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த தில்டா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணும் காலையிலிருந்து ஒரு மாதிரியாகவே இருந்தாள். பால் கேட்டவருக்குச் சர்க்கரை, சர்க்கரை கேட்டவருக்கு வெறும் கரண்டி.

"நான் பாத்தேம்ப்பா," என்றாள். "வியாழக்கிழமை வேலை முடிஞ்சு நிறுத்தத்துல நின்னப்ப எதிர்ப்பக்கம் ஒரு டிராம் போச்சு. சன்னலோரமா அம்மா மாதிரியே ஒருத்தங்க. தனியா. கண்ணாடில நெத்தியைச் சாச்சுக்கிட்டு."

"அப்ப ஏன்டி கூப்பிடலை?" என்றாள் பெர்னிலா.

"புள்ளியைப் பாத்தேன். வீட்டுலன்னு காட்டுச்சு. அப்ப அது நீ இல்லன்னு நெனச்சேன்."

பெற்ற தாயைக் கண்ணால் பார்த்துவிட்டு, போனில் சரிபார்த்து, இது வேறு யாரோ என்று பன் பையோடு நடந்து போயிருக்கிறது அந்தப் பிள்ளை. முகஜாடை, கோட்டு, கழுத்தில் தானே பின்னிக் கொடுத்த சால்வை, எல்லாம் ஒத்துப்போயும்கூட. இதைச் சொன்னபோது தில்டாவுக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. நவால் அவள் கையில் பிளாஸ்க்கைத் திரும்பக் கொடுத்தாள். கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று.

ஹோக்கனுக்கு இப்போது நம்பாமல் இருக்க வழியில்லை. நம்பினதால் ஒன்றும் தெளியவும் இல்லை.

"சரி, டிராம்," என்றான். "அப்ப ஏன் வீட்டுல இருக்கேன்னு சொன்னே?"

காலையிலிருந்து எத்தனையோ கேள்விக்குப் பட்டுப் பட்டென்று பதில் சொன்னவள், இதற்கு மேசை மேலிருந்த போனைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"டிராம்லன்னு சொன்னா எங்க போறேன்னு கேப்பே. எங்கயும் இல்லன்னா என்ன ஆச்சுன்னு கேப்பே. ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா நீ இன்னும் பயப்படுவே," என்றாள். "கடைக்குள்ள கால் வெச்சா பால் வாங்குன்னு செய்தி வருது. ஏரிக்கரையில நின்னா குளிருதா, எப்ப வருவேன்னு வருது. கோபம் இல்ல ஹோக்கன். ஒரு மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம இருந்து பாக்கணும்னு தோணுச்சு. முதல் தடவை பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் நல்லாருந்துச்சு."

"எனக்குத் தெரியக் கூடாதா?"

"உனக்கும்."

இதற்கு ஊரில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. துரோகம் என்றால் அதற்கு எதிராளி வேண்டும். நோய் என்றால் அவள் கன்னத்தில் இருந்த சிவப்பு அப்படிச் சொல்லவில்லை. நானும் எத்தனையோ குடும்பங்களைச் சுவர் வழியாக அறிந்தவள். இந்தச் சண்டையில் யார் பக்கம் சாய்வது என்று எனக்கே அன்றைக்குப் பிடிபடவில்லை. அது எனக்கு அடிக்கடி நேர்கிற சங்கடமில்லை.

இங்வார் தொண்டையைச் செருமி, சாசேஜ் தயார் என்று அறிவித்தார். சாசேஜ் தயாராகவில்லை. எல்லோரும் நன்றியோடு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். நான் கடைசியாக நகர்ந்தேன், அதுவும் மெதுவாக, ஒரு சாக்குப் பையில் இலையை அள்ளிப் போட்டுக்கொண்டு. அதனால்தான் மீதியை உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

ஹோக்கன் மேசையின் மேலிருந்த பெட்டிகளைப் பார்த்தான். காலையிலிருந்து ஒன்றுகூடக் குறையாத அடுக்கு. மேலே இருந்த ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் கையை வைத்தான்.

"இது எனக்கு வேணும்."

இத்தனை மணி நேரம் ஊரைக் கூவிக் கூவி அழைத்தவள், அன்றைய முதல் கிராக்கி வந்து நிற்கும்போது பெட்டியின் மறுபக்கத்தில் சட்டென்று தன் கையையும் வைத்தாள்.

"எதுக்கு?"

"வேற யார்கிட்டயாவது எதுக்குன்னு கேட்டியா?"

கேட்கவில்லைதான். அவளுக்கும் அது உறைத்தது. தில்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், டென்னிஸ் பார்க்கிறவர்கள் மாதிரி. பந்துதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எங்க போவே?" என்று கேட்டாள் பெர்னிலா.

"தெரியலை. உன் டிராம்ல வர மாட்டேன். நான் வந்தா அது எங்கயோ போற மாதிரி ஆயிடும், இல்ல?"

அவள் தலையசைத்தாள். அந்த ஒன்றையாவது அவன் புரிந்துகொண்டான் என்பதில் அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சற்று முன்பு ஏரிக்கரையில் தனியாக நிற்கிற உரிமையைப் பற்றிப் பேசினவள், அவன் தனியாக நிற்கப்போகிற ஏதோ ஒரு கரையை இப்போது மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்கறவங்க கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்," என்றாள். "விக்கறவ ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"திரும்பி வருவியா?"

ஹோக்கன் யோசித்தான். அவனுக்கு எதற்கும் நேரம் பிடிக்கும்.

"நீ வந்தியே," என்றான்.

அது பதிலா, குத்தலா, அவள் கையில் திருப்பிக் கொடுத்த கேள்வியா, எனக்கு விளங்கவில்லை. பெர்னிலாவுக்கும் விளங்கியிருக்காது. பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். மூடியின் மேலிருந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.